கோல் அம்பயர் கண்ணுக்கு எந்த லென்ஸ்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல. நான் அதைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவன், அவ்வளவுதான். கல்பாரா ஊரில் கண் டாக்டரின் அறைக்கும் வெளியே காத்திருக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகை. உள்ளே ஒருவர் தும்மினால் வெளியே இருப்பவர் 'நூறு வயசு' என்று சொல்லிவிடலாம்.

டாக்டர் கேட்டது காதில் விழுந்தது: "நாள் முழுக்க இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு என்ன வேலை பண்றீங்க?"

நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு ஓர் ஆண் குரல்: "மீன் பிடிக்கிற தூண்டில் முள்ளு இருக்குல்ல, அதுல இறகும் நூலும் சுத்திப் பொய்ப் பூச்சி கட்டறேன்."

கோதுமையும் செம்மண் புழுதியும் தவிர வேறெதுவும் விளையாத எங்கள் பக்கத்தில், அந்த மாதிரித் தூண்டில் போட ஓர் ஓடை வேண்டுமென்றால் அரை நாள் கார் ஓட்ட வேண்டும். எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன். அன்றே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அந்திச் சூரியன் தானியக் கிடங்குகளின் மேல் தன் கடைசிப் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருக்க, டெஸ்மண்ட் ஹாரிகன் பார்வையின் எல்லைகளைப் பற்றி—"

அடித்துவிட்டேன். சூரியன் பொன் உருக்குவதை நிறுத்திப் பல காலமாகிறது. எழுத்தாளர்கள்தான் இன்னும் உலையை அணைக்கவில்லை. அடுத்த முயற்சி:

"நாம் எல்லோரும் ஏதோ ஒரு லென்ஸ் வழியாகத்தானே உலகை—"

இதையும் அடித்தேன். லென்ஸ் கதை என்றதும் இந்த வாக்கியம் எங்கேயாவது வந்து நிற்கும் என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். வராது. இங்கே லென்ஸ் என்றால் லென்ஸ்தான்: ஈரமான, விரல் நுனியில் நடுங்கி நிற்கிற, வாஷ்பேசினில் விழுந்தால் காணாமல் போகிற ஒரு பொருள். அதைத் தத்துவமாக்க வருகிறவர்கள் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளவும்.

2

அந்தப் பொய்யைச் சொன்ன டெஸ்மண்டுக்கு வருவோம். பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். மீசையை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

எங்கள் ஃபுட்பாலில் பந்து முட்டை வடிவம். மைதானத்தின் கோடியில் நான்கு கம்பம்; நடுவில் நிற்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே, யார் கையும் படாமல் அது போனால் கோல், ஆறு புள்ளி. கம்பத்தில் இடித்தாலோ ஒரு விரல் உரசினாலோ ஒரே ஒரு புள்ளி. அது ஆறா, ஒன்றா என்று சொல்ல அந்தக் கம்பங்களின் அடியில் ஒருவர் நிற்பார், அவர்தான் கோல் அம்பயர். வெள்ளைக் கோட்டு, தொப்பி, கையில் இரண்டு கொடி. கோல் என்றால் இரண்டு கொடியையும் ஆட்ட வேண்டும். ஒரு புள்ளி என்றால் ஒன்றை. பிறகு பையிலிருந்து அட்டையை எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் டெஸ்மண்ட் அதைச் செய்யும்போது போப்பாண்டவர் பால்கனிக்கு எழுந்தருளியது போல இருக்கும்.

கண்ணில் சரியாகப் படவில்லையென்றால், ஆட்டத்தோடு ஓடி விசில் ஊதும் நடு அம்பயரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. டெஸ்மண்ட் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "அது சந்தேகப்படறவங்களுக்குப் போட்ட விதி" என்பார், சந்தேகம் ஏதோ ஒட்டுவாரொட்டி நோய் என்பது போல.

மைதானத்தைச் சுற்றிக் கார்கள் மூக்கை உள்ளே நீட்டி நிற்கும். கோல் விழுந்தால் ஹாரன். மற்ற நேரமெல்லாம் அம்பயரின் கண்ணைத் திட்டுவோம். இது எங்கள் பக்கத்து வழிபாடு.

"டேய், வெள்ளைக் கம்பு எங்கடா?"

"வழி காட்டற நாயை வீட்லயே விட்டுட்டு வந்துட்டியா மச்சான்?"

இந்த வழிபாட்டில் தலைமைப் பூசாரி மார்லீன், இறைச்சிக்கடைக்காரி, டெஸ்மண்டின் பக்கத்து வீடு. கார்க் கண்ணாடியை இறக்கி, "டெஸ்ஸு! என் கண்ணாடியத் தரேன், மாட்டிக்கிட்டு ஒரு தடவை உலகத்தைப் பாரு!" என்று சனிக்கிழமைதோறும் கத்துவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் ஒரு கூடை எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போவதும் அவளேதான்.

திட்டுக்கு டெஸ்மண்ட் அசைந்ததே இல்லை. குருடன் என்று சொல்வது வேடிக்கையாக இருப்பது கண் தெரிகிறவரைக்கும்தான். கண்ணாடியோடு அவர் மைதானத்தில் கால் வைக்கும் நாளில் அது வேடிக்கையல்ல, சாட்சியம். இத்தனை வருடத் தீர்ப்புகளையும் பியர்க் கடையில் மறுவிசாரணைக்கு எடுத்துவிடுவார்கள்.

விஷயம் வெளிப்பட்டது ஒரு பயிற்சி ஆட்டத்தில். ரோஜா நிறக் கலா கிளி ஒன்று கம்பங்களுக்கு நடுவே தாழப் பறந்து போயிற்று. டெஸ்மண்டின் இரண்டு கொடியும் உயர்ந்தன. வேலியோரம் நின்ற மனைவி நோரீன் மட்டும் பார்த்தாள்.

"டெஸ், அது கிளி."

"தெரியும்."

"கிளிக்கு ஆறு புள்ளி குடுத்துட்ட."

"காத்துல கொடி ஆடுச்சு."

"ரெண்டுமா?"

அவர் கொடிகளைச் சுருட்டினார்.

"கண்ணாடி போட்டுக்கயேன்."

"மார்லீன் என்னை உயிரோட தின்னுடுவா."

"அப்ப காண்டாக்ட் லென்ஸ் போடு. யாருக்குத் தெரியப்போகுது? உன் மூஞ்சிய எவன் பாக்கறான், எல்லாரும் கொடியத்தான பாக்கறாங்க."

இது அவரைக் கொஞ்சம் புண்படுத்தியது. ஆனாலும் நல்ல யோசனை.

3

சொந்த ஊரில் போனால் தெரிந்துவிடும் என்று கல்பாராவுக்குப் போனார். அங்கே புதிதாக வந்திருந்த கண் டாக்டர் வூலா கிரேக்கக் குடும்பத்துப் பெண், நகரத்தில் வளர்ந்தவர். அவருக்கு ஃபுட்பாலாவது மண்ணாவது என்று டெஸ்மண்டே முடிவு கட்டிக்கொண்டார். கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் வழக்கமில்லை என்பதை ஏற்கெனவே சொன்னேன்.

வூலா பொறுமையாக விளக்கினார். "தினம் ஒண்ணு போட்டுத் தினம் தூக்கி எறியறது இருக்கு. மாசம் முழுக்க வச்சுக்கறது இருக்கு. அதைக் கழட்டி மருந்துத் தண்ணியில ஊறப் போடணும். குழாய்த் தண்ணியக் காட்டவே கூடாது. கெட்டியான குட்டி லென்ஸ் ஒண்ணு இருக்கு. பார்வை கத்தி மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஒரு தூசி போச்சுன்னா மைதானமே கேக்கற மாதிரி கத்துவீங்க."

"மைதானமா? எந்த மைதானம்?" என்றார் டெஸ்மண்ட், அவசரமாக.

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன். உங்களுக்குத் தூரமும் மங்கல், கிட்டயும் மங்கல். ரெண்டையும் ஒரே லென்ஸ்ல வச்சுத் தரலாம். ஆனா எதுக்குக் கூட, எதுக்குக் குறைச்சல்னு நீங்கதான் சொல்லணும். கண்ண நான் அளந்துட்டேன். அது என்ன பண்ணுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இந்த இடத்தில்தான் அந்தப் பொய் வந்தது. பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொன்னால் அளவு தெரியாமல் ஊற்றிவிடுவார்கள்.

"புழுதியில நிப்பீங்களா?"

"நானா? ஜன்னலையே திறக்கமாட்டேன்."

"காத்து?"

"ஆகவே ஆகாது. இறகெல்லாம் பறந்துடும்."

"தூரத்துல எதையாச்சும் உத்துப் பாக்கற வேலை உண்டா?"

"மீனு தண்ணிக்குள்ளதான டாக்டர் இருக்கும்? அதை யாரு பாக்க முடியும்?"

ஆகவே வூலா அவர் கேட்டதைக் கொடுத்தார்: இரண்டு கண்ணுக்கும் கிட்டப் பார்வைக்கே தாராளம் காட்டும் மாத லென்ஸ்.

[ஒரு பக்கக் குறிப்பு. கண் மருத்துவம் தெரிந்த வாசகர் இப்போது கையைத் தூக்குவார்: "எந்த டாக்டரும் தூரப் பார்வையைச் சோதிக்காமல் அனுப்பமாட்டாரே?" சோதித்தார். 'தூரம் கொஞ்சம் மசமசன்னுதான் இருக்கும். கார் ஓட்டறப்ப மேல இந்தக் கண்ணாடியப் போட்டுக்கங்க' என்று ஒன்றைக் கையிலும் கொடுத்தார். டெஸ்மண்ட் தலையாட்டினார். ஓட்டும்போது போட்டுக்கொள்ளவும் செய்தார். ஊர் எல்லை வந்ததும் கழற்றிக் கார் டப்பாவில் போட்டார். ஆகவே கையை இறக்கவும்.]

போடக் கற்றுக்கொள்வது தனிக் கதை. லென்ஸ் கண்ணைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. மீசைக்குப் போனது, வாஷ்பேசினுக்குப் போனது, ஒரு தடவை நோரீனின் டீக்குள்ளும் போனது.

4

அரையிறுதி. கல்பாராவும் எர்ரின்ஜக்கும் எங்கள் மிண்டாரூ மைதானத்தில் மோதின. டெஸ்மண்ட் லென்ஸோடு கம்பத்தடியில் நின்றார்.

எல்லாம் துலங்கிற்று. கொடித் துணியின் இழை தெரிந்தது. கோட்டுப் பொத்தானில் ஒட்டியிருந்த கறி பஃப்ஸ் துணுக்கு தெரிந்தது. தன் கையெழுத்தைத் தானே இப்போதுதான் பார்ப்பதுபோல அட்டையில் முத்து முத்தாக எழுதினார். அட்டையிலிருந்து தலை நிமிர்ந்தால் மட்டும் ஆட்டக்காரர்கள் பாலில் ஊறிய பிஸ்கட் மாதிரி கரைந்து கிடந்தார்கள்.

பந்து வந்தது. பழுப்பாக ஏதோ ஒன்று. டெஸ்மண்ட் காதைத் தீட்டிக்கொண்டார். ஹாரன் அடித்தால் இரண்டு கொடி. 'ச்சே' என்று முனகினால் ஒரு கொடி. அதிசயம் பாருங்கள், அன்று ஒரு தீர்ப்பையும் யாரும் எதிர்க்கவில்லை. "இன்னிக்கு உனக்குக் கழுகுக் கண்ணுடா டெஸ்ஸு!" என்று மார்லீனே கத்தினாள். ஜனங்களுக்குத் தாங்கள் போட்ட சத்தமே தீர்ப்பாகத் திரும்பி வந்தால் நீதி நிலைத்தது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

கடைசி நிமிடம். கல்பாரா சில புள்ளிகள் மட்டும் முன்னணியில் இருந்தது. எர்ரின்ஜக்காரன் உதைத்த பந்தைத் தடுக்கக் கல்பாராவின் டேனி எம்பினான். பழுப்பு நிறம் ஒன்று மேலே போயிற்று. கம்பத்துக்குப் பின்னால் நின்றவை எல்லாம் எர்ரின்ஜக் கார்கள். அத்தனையும் ஹாரன் அடித்தன. டெஸ்மண்ட் இரண்டு கொடியையும் ஆட்டினார். கல்பாராவின் வருடம் அதோடு முடிந்தது.

டேனி ஓடி வந்து விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "பட்டுச்சு அம்பயர்! என் விரல்ல பட்டுச்சு! பாருங்க!"

பார்த்தார். அந்த விரல் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஆகவே அன்று முழுவதும் பார்த்த எதையும்விடத் தெளிவாகத் தெரிந்தது: நகம் பின்பக்கமாக மடங்கியிருந்தது; ஓரத்தில் ரத்தம் அப்போதுதான் முத்துக் கட்டிக்கொண்டிருந்தது. நடு அம்பயர் கூப்பிடு தூரத்தில் நின்றார். டெஸ்மண்ட் கூப்பிடவில்லை. அட்டையை எடுத்து, அழகான கையெழுத்தில், கோல் என்று குறித்தார்.

மாலையில் லீக் தலைவர் அவர் முதுகில் தட்டி, இறுதி ஆட்டம் உனக்குத்தான் என்றார். அவருடைய வாழ்நாள் ஆசை அது.

5

இங்கே நான் மாட்டிக்கொண்டேன்.

வேடிக்கைக் கதை எழுத உட்கார்ந்தவனுக்கு ஒரு ரத்தம் கட்டிய விரலை என்ன செய்வதென்று தெரியவில்லை. வழிகளை எழுதிப் பார்த்தேன். அவர் மேடையேறி உண்மையை அறிவிக்கிறார், எல்லோரும் அழுகிறார்கள். (எங்கள் ஊரில் யாரும் மேடையில் அழமாட்டார்கள், பரிசுச் சீட்டுக் குலுக்கலில் ஆட்டுக்கறித் தட்டு கிடைக்காவிட்டால்தான் உண்டு.) அல்லது, ராஜினாமா செய்துவிட்டு நிஜமாகவே தூண்டில் பூச்சி கட்டப் போய்விடுகிறார். அல்லது, கண்ணில் புழுதி விழுந்து இறுதி ஆட்டத்தன்று—

"அதுக்கு ஏன்யா என்னைப் பொய் சொல்ல வச்ச?" என்றார் டெஸ்மண்ட். ஆமாம், பேசினார். அரைகுறையாக விடப்பட்ட பாத்திரங்கள் பேசும்.

"நான் எங்க வச்சேன்? நீங்கதான் சொன்னீங்க. நான் கேட்டேன்."

"கேட்டல்ல? கேட்டுட்டுச் சிரிச்ச. வெளிய இருமல் சத்தம் எனக்குக் கேக்கலைன்னு நினைச்சியா? கண்ணுதான் போச்சு, காது போகல."

"சரி, இப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாத. நான் திரும்ப கல்பாராவுக்குப் போறேன். நீ உக்காந்து எழுது."

ஆகவே எழுதுகிறேன். எனக்கு இந்த மனிதர் மேல் மரியாதை வந்தது இந்த வாக்கியத்தில்தான்.

6

"டாக்டர், நான் பூச்சி கட்டறவன் இல்ல" என்றார் டெஸ்மண்ட், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே. "கோல் அம்பயர். அரையிறுதியில நின்னது நான்தான்."

வூலா கையிலிருந்த சின்ன டார்ச்சைக் கீழே வைத்தார்.

"டேனி என் புருஷன்" என்றார்.

[முதல் வரைவில் டேனி யாரோ ஒருவன். பிறகு யோசித்தேன்: இந்த ஊர்களில் யாரோ ஒருவன் என்று யாராவது உண்டா? தவிர, கதையில் ஆட்கள் குறைவாக இருந்தால் உங்களுக்கும் நல்லது.]

"பந்து விரல்ல பட்டுச்சா இல்லையா?" என்று கேட்டார் வூலா.

டெஸ்மண்டின் மீசை ஏறி இறங்கிற்று. "எனக்குத் தெரியல" என்றார். "நான் பாக்கல. பந்தே தெரியல. அப்புறம் விரலைப் பாத்தேன், அப்பவாவது கேட்டிருக்கணும். கேக்கல."

சொன்ன பிறகு வானம் இடிந்து விழவில்லை என்பதை அவரே கொஞ்சம் வியப்போடு கவனித்தார்.

"உங்களைத் திட்டணும்னு நாக்கு துடிக்குது" என்றார் வூலா. "ஆனா இந்த நாற்காலியில உக்காந்தவங்கள நான் திட்டறதில்ல. சனிக்கிழமை மைதானத்துக்கு வந்து வயிறார திட்டிக்கறேன்."

"வாங்க டாக்டர்."

"தாடைய இதுல வைங்க. இந்தத் தடவை உள்ளதைச் சொல்லுங்க. புழுதி?"

"வாய் நிறைய."

"காத்து?"

"தொப்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிப்பேன்."

"அப்ப மாச லென்ஸைத் தலையச் சுத்தித் தூக்கி எறிங்க. தினம் ஒண்ணுதான் உங்களுக்கு. ஆட்டம் முடிஞ்சதும் புழுதியோட குப்பைத் தொட்டியில போட்டுடலாம்." திரும்பி இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். "இப்பதான் நிஜமான கேள்வி. இது தூரம், கிட்ட ரெண்டும் பாதிப் பாதி. பந்தும் தெரியும், அட்டையும் தெரியும். ஆனா ஒரு நகம் பந்தை உரசுதான்னு கேட்டா, சத்தியம் பண்ண முடியாது. இது முழுக்கத் தூரத்துக்கு. பந்தோட தையல்கூடத் தெரியும். ஆனா அட்டையில எழுதணும்னா மூக்கு மேல ஒரு வாசிப்புக் கண்ணாடி மாட்டியே ஆகணும்."

"மைதானத்துலயா?"

"அட்டையை மைதானத்துலதான எழுதறீங்க?"

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு கோலுக்கும்."

டெஸ்மண்ட் இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். ஒன்றில் மானம், ஒன்றில் பந்து. (இது உவமையல்ல. நிஜமாகவே இரண்டு பெட்டிகள். கையைக் கழுவிவிட்டுத்தான் எழுதினேன்.)

வூலா தூரத்து லென்ஸை மாட்டி அவரைத் தெருவுக்குக் கூட்டிப் போனார். கோடியில் மின்கம்பியில் கிளிகள் உட்கார்ந்திருந்தன. டெஸ்மண்ட் வாய் பிளந்து நின்றார். தனித்தனிக் கிளிகள். ஒன்று இன்னொன்றின் கழுத்தைக் கோதிக்கொண்டிருந்தது. பிறகு பையிலிருந்து கார் சாவியை எடுத்துப் பார்த்தார். அது பஞ்சு மாதிரி இருந்தது.

மனைவியைக் கூட்டிப்போக வந்து வண்டியில் சாய்ந்து நின்ற டேனி, சாவியை விடத் தெளிவாகத் தெரிந்தான். விரலில் கட்டு. டெஸ்மண்ட் அவனிடம் போய், உள்ளே சொன்னதையே சொன்னார். இரண்டாவது முறை கொஞ்சம் சுலபமாக வந்தது.

டேனி விரல் கட்டைத் தடவினான். "இதைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

"லென்ஸும் வாங்க வேண்டியிருந்துச்சு."

டேனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவன் விரும்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "எங்க வருஷம் போனது போனதுதான். அதைக் கொண்டாந்து குடுக்க முடியாது."

"இறுதி ஆட்டத்துக்கு வேற ஆள் போடச் சொல்லிடறேன்."

"வேண்டாம். உங்களுக்குப் பதிலா வர்றவன் தனக்குக் கண்ணு தெரியலைன்னே தெரியாதவன். நீங்களே நில்லுங்க. ஆனா பாத்துட்டு ஆட்டுங்க கொடிய. பாக்கலைன்னா வாயத் திறந்து கேளுங்க."

7

இறுதி ஆட்டம். என் காரும் அந்த வரிசையில்தான் நின்றது. நோரீன் இரண்டு கார் தள்ளி. வூலா சொன்னபடியே வந்திருந்தார், தொண்டையைச் சரிசெய்துகொண்டு.

காலையில், வாங்கிவந்த இரண்டு பெட்டிகளில் எதைத் திறந்தார் என்று நோரீன்கூடப் பார்க்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஆசிரியன், உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. ஒரு மனிதர் விரலைக் கண்ணுக்குள் விட்டுக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை.

முதல் பந்து உயரே வந்தது. காற்றில் சுழன்று, கம்பத்தை நோக்கி வளைந்து, ஒரு கை அதற்காக நீண்டது. ஒரு பக்கத்துக் கார்கள் ஹாரன் அடித்தன. மறுபக்கம் 'பட்டுச்சு, பட்டுச்சு' என்று அலறிற்று. டெஸ்மண்ட் இரண்டு சத்தத்தையும் கேட்காதவர்போல நின்றார். பந்து கம்பத்துக்கும் விரலுக்கும் நடுவே, இரண்டிலும் படாமல், பின்னால் விழுந்து குதிக்கும்வரை பார்த்தார். இரண்டு கொடியும் உயர்ந்தன. போப்பாண்டவர் மாதிரி இல்லை. துணி காயப் போடுகிறவர் மாதிரி, சாதாரணமாக.

இனி அட்டை.

கோட்டுப் பைக்குள் அவர் கை போயிற்று. அங்கே என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இந்தப் பத்தியை நான் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வெறும் அட்டையும் பென்சிலும் வெளியே வருகின்றன; அவர் சுமாராகத் தெரிகிற எழுத்தில் சுமாராகக் குறிக்கிறார், யாரும் எதையும் கவனிக்கவில்லை, ஆட்டம் தொடர்கிறது. மோசமான முடிவல்ல. உலகம் பெரும்பாலும் அப்படித்தான் ஓடுகிறது.

மற்றொன்றில் அட்டைக்கு முன்னால் ஒரு கண்ணாடி வெளியே வருகிறது. அவர் அதை விரிக்கிறார், மூக்கில் ஏற்றுகிறார், தொப்பியைச் சரிசெய்கிறார், குனிந்து எழுதுகிறார். ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. இத்தனை வருடமாக ஒரு ஊரே கேட்டுக்கொண்டிருந்த பொருள் அதோ வெள்ளைக் கோட்டுக்கு மேலே, மூக்கில், வெயிலில் மின்னுகிறது. அதைப் பற்றி என்ன சொல்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கோ ஒரு கார்க் கண்ணாடி மெல்ல இறங்குகிறது. உள்ளேயிருந்து யாரோ மூச்சை இழுக்கிறார்கள், கத்துவதற்கு.

நான் இங்கே பேனாவை வைத்துவிடுகிறேன். உங்கள் காரும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. கார்க் கண்ணாடியை நீங்கள்தான் இறக்கினீர்கள். கத்துங்கள்:

"டெஸ்ஸு! ................................................"